முன்னே தள்ளி உட்காருங்கள்: இழுவண்டி இல்லம் பற்றிச் சில சொற்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் வாசிக்கப்பெற்ற உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் பேசப்படுவதே நம் சங்கத்தின் மரபு. அம்மரபுக்கு மாறாக ஒரு வண்டியைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறோம். "அமெரிக்கா சென்று மகள் வீட்டில் ஆறு திங்கள் தங்கி வந்தீர்களே, அதைப்பற்றிச் சொல்லுங்கள்" என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். கண்ட காட்சிகளைச் சொல்லுவார் பலர் இருக்கிறார்கள். எங்களுக்கோ அங்கே கற்ற பாடம் ஒன்று உண்டு. அதனை அறியாமையால் ஒரு நாள் எங்கள் குடும்பம் முழுவதுமே பேரிடருக்கு உள்ளாக இருந்தது. இக்காலனியில் பல வீட்டுப் பிள்ளைகள் இன்று கடல் கடந்து வாழ்கிறார்கள். அவர்களுள் சிலர் அத்தகைய வண்டி வைத்திருக்கிறார்கள். பெற்றோராகிய நாம் விடுமுறையில் அதில் ஏறிப் புறப்படுகிறோம். ஆதலின் இவ்வுரை பயன்படும் என்று நம்புகிறோம். இதனை நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதினோம். எங்களுள் ஒருவர் இங்குள்ள ஆலையின் பட்டறையில் முப்பதாண்டு பணியாற்றியவர். மற்றவர் அதே முப்பதாண்டும் சமையலறையையும் குடும்பத்தையும் ஆண்டவர். நிகழ்ந்த பிழையில் இருவர்க்கும் பங்குண்டு.

முதலில் அவ்வண்டி இன்னதென்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அதனை டிராவல் டிரெயிலர் என்பர். தனக்கென எஞ்சின் இல்லாத, சக்கரம் பூண்ட சிறு வீடு அது. உள்ளே படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லலாம். தங்குமிடம் சேர்ந்ததும் அவிழ்த்து நிறுத்திவிட்டுக் காரில் மட்டும் ஊர் சுற்றலாம். அமெரிக்காவில் இதற்கு நெடிய வரலாறு உண்டு. வாலி பையம் என்பார் 1931ஆம் ஆண்டில் தொடங்கிய ஏர்ஸ்ட்ரீம் என்னும் நிறுவனத்தின் வெள்ளி நிற வண்டிகள் உலகப் புகழ் பெற்றவை. 1959-60ஆம் ஆண்டுகளில் அவர் தலைமையில் அத்தகைய வண்டிகளின் அணி ஒன்று ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலுள்ள கேப் டவுனிலிருந்து வடக்கே கெய்ரோ வரை சென்றது. நம் நாட்டிலும் சுற்றுலாத் துறையினர் இதில் நாட்டம் கொண்டுள்ளனர். கேரள அரசு 2021ஆம் ஆண்டில் இதற்கெனவே ஒரு திட்டத்தை அறிவித்தது. ஆயினும் இங்கே காணப்படுபவை பெரும்பாலும் எஞ்சினோடு கூடிய வண்டிகளே. காரின் பின்னே இழுக்கப்படும் வீட்டை நாங்கள் முதன்முதலாகக் கண்டது எங்கள் மருமகனார் வீட்டு வாயிலில்தான்.

2023ஆம் ஆண்டு ஜூன் திங்களில் டென்வர் நகரிலிருந்து யெல்லோஸ்டோன் பூங்காவிற்குப் புறப்பட்டோம். 1872ஆம் ஆண்டிலேயே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற இடம் அது. மகள், மருமகனார், ஆறு வயதுப் பேரன், நாங்கள் இருவர் என ஐவர். இழுப்பது ஒரு பிக்கப் வண்டி. இழுபடுவது 24 அடி நீளமுள்ள டிரெயிலர். பொருள்களை அடுக்கும் பொறுப்பை நாங்கள் கேட்டு வாங்கிக்கொண்டோம். பத்து நாள் பயணமாயிற்றே! அரிசி, பருப்பு, மாவரைக்கும் கிரைண்டர், குடிதண்ணீர்க் குடுவைகள், மருமகனாரின் கருவிப் பெட்டி ஆகியவற்றையெல்லாம் டிரெயிலரின் கடைசியிலுள்ள பெரிய அலமாரியில் நிரப்பினோம். "முன்பக்கம் கனமானால் காரை அழுத்தும், கனமெல்லாம் பின்னே இருக்கட்டும்" என்று பட்டறை அறிவு பேசியது. மிதிவண்டிகள் இரண்டையும் வண்டியின் பின்கம்பியிலே கட்டினோம். எல்லாம் ஒழுங்காக இருப்பதாக எண்ணி மகிழ்ந்தோம்.

முதல் 100 மைல், ஷைஆன் நகர் வரை, குறையொன்றும் தோன்றவில்லை. அங்கிருந்து மேற்கே லாரமி நகருக்கு 50 மைல். சாலை மெல்ல உயர்ந்து 8,640 அடி உயரத்தில் ஓர் உச்சியை அடைகிறது. ஆபிரகாம் லிங்கனின் பெரிய தலைச்சிலை ஒன்று அங்கே நிற்கிறது. அதற்கப்பால் சாலை ஒரு பள்ளத்தாக்கின் வழியே விரைந்து இறங்குகிறது. வயோமிங் மாநிலத்தில் அப்பகுதி காற்றுக்குப் பேர்போனது. நாங்கள் இறங்கத் தொடங்கியபோது வேகம் மணிக்கு 65 மைல். பெரிய லாரி ஒன்று எங்களைக் கடந்து சென்றது. அதன் காற்று பட்டதும் டிரெயிலரின் பின்புறம் ஒரு சாண் விலகிற்று; மறுகணம் எதிர்ப்புறம் இரு சாண் விலகிற்று; பின்னர் நாய் வாலாட்டுவதுபோல் வீச்சு பெருகி, பிக்கப் வண்டியையே இருபுறமும் இழுக்கத் தொடங்கிற்று. பக்கத்தில் பள்ளம், பின்னே லாரிகள். பேரன் பாட்டியின் கையை இறுகப் பற்றிக்கொண்டான். காரினுள் ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அன்று எங்களைக் காத்தது மருமகனாரின் நிதானமே. அவர் காரின் பிரேக்கை மிதிக்கவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்ய முயலவுமில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தார். டிரெயிலரின் பிரேக்கை மட்டும் இயக்கும் சிறு நெம்புகோலைக் கையால் மெல்ல அழுத்தினார். பின்னே பற்றி இழுத்ததுபோல் டிரெயிலர் நேராகி அடங்கிற்று. இம்மூன்று செயல்களையும், இவ்வண்டி ஓட்டும் பிள்ளை நம் வீட்டில் இருப்பின், அவன் நெஞ்சில் பதியுமாறு சொல்லி வையுங்கள். அஞ்சிக் காரின் பிரேக்கை ஓங்கி மிதித்தால் முன்வண்டி தயங்கும். பின்வண்டி அதனைத் தள்ளி மடக்கிக் கவிழ்த்துவிடக் கூடும். வேகத்தைக் கூட்டித் தப்பலாம் என்பதும் தவறு. வேகமே ஆட்டத்தை வளர்ப்பது.

லாரமியில் லாரிகளை எடைபோடும் மேடை ஒன்றில் நிறுத்தினோம். சிறு கட்டணம் செலுத்தினால் எவரும் எடைபோட்டுக்கொள்ளலாம். டிரெயிலரின் மொத்த எடை 6,100 பவுண்டு, அஃதாவது சுமார் 2,770 கிலோ. அதன் முன்முனை காரின் கொக்கிக் குண்டின்மீது அழுத்திய எடை 400 பவுண்டு மட்டுமே. மொத்தத்தில் ஏழு விழுக்காடுகூட இல்லை. இருக்க வேண்டிய அளவு நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை. குறைந்தது 610 பவுண்டாவது முன்னே அழுத்தியிருக்க வேண்டும். பின்னே நாங்கள் அடுக்கிய அரிசியும் கிரைண்டரும் மிதிவண்டிகளும் அச்சுக்குப் பின்புறம் கனத்து, முன்முனையைத் தூக்கிக்கொண்டிருந்தன.

அந்த எடைச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் எங்கள் இருவர்க்கும் ஒரே நினைவு ஒரே வேளையில் எழுந்தது. சிற்றூரில் பிறந்து மாட்டு வண்டியில் ஏறிய எவர்க்கும் அந்நினைவு எழும். பலர் பின்னே நெருங்கி உட்கார்ந்துவிட்டால் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "பின்பாரமா இருக்குது, கொஞ்சம் முன்னே தள்ளி உட்காருங்க" என்பார். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலே எழும்பும். நுகத்தடி தூக்கப்பட்டுப் பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்பாரம் மிகுந்தாலோ மாட்டின் கழுத்து புண்ணாகும். இரண்டுக்கும் இடைப்பட்டதாய், நுகத்தின்மேல் சிறிது பாரம் அமருமாறு ஏற்றுவதே வண்டிக்காரரின் திறம். டிரெயிலரும் அச்சின்மேல் நின்று முன்னே ஒன்றில் பூட்டப்படும் வண்டிதானே! மாட்டுக்குப் பதிலாகக் கார்; நுகத்துக்குப் பதிலாகக் கொக்கிக் குண்டு. ஐந்து வயதில் கேட்ட சொல்லை அறுபத்தெட்டு வயதில் மறந்தோம்.

இதன் காரணத்தையும் சுருங்கச் சொல்லுவோம். பாரத்தின் நடுமையம் அச்சுக்கு முன்னே இருந்தால், காற்று டிரெயிலரை ஒருபுறம் தள்ளும்போது சக்கரங்கள் அதனைத் தாமே நேர்வழிக்குத் திருப்புகின்றன. மையம் பின்னே செல்லச் செல்ல அத்திருப்பும் ஆற்றல் குறைகிறது. பாரத்தை வண்டியின் கடைக்கோடியில் வைத்தால் தீமை இரட்டிப்பாகும். நீண்ட கழியின் முனையில் கட்டிய கல்லைப்போல் அது வீசத் தொடங்கினால் நிற்பதில்லை. ஆதலின் கனமான பொருள்கள் அச்சுக்கு மேலும், அதற்குச் சற்று முன்னும், தரையை ஒட்டியும் இருத்தல் வேண்டும். இலேசான போர்வையும் துணியும் பின்னே செல்லலாம். தண்ணீர்த் தொட்டி எங்கே அமைந்துள்ளது என்பதையும் கேட்டறிதல் நன்று. ஒரு காலன் தண்ணீர் 8 பவுண்டுக்கு மேல் கனக்கும்.

அங்கேயே அலமாரியைக் காலி செய்தோம். ஏறத்தாழ 200 பவுண்டுப் பொருள்கள் முன்னே சென்றன. மிதிவண்டிகள் பிக்கப் வண்டியின் தட்டில் ஏறின. மீண்டும் எடைபோட்டபோது முன்முனையின் அழுத்தம் 650 பவுண்டு. ஏறத்தாழ 11 விழுக்காடு. அதன்பின் வேகம் 60 மைலைத் தாண்டவில்லை. அதே காற்று மறுநாளும் வீசிற்று. டிரெயிலர் அசைந்தது, ஆனால் ஆடவில்லை.

இனி, இத்தகைய பயணத்தில் கருத வேண்டிய பிறவற்றை முறையாகக் கூறுகிறோம்.

இழுக்கும் காருக்கும் ஓர் எல்லை உண்டு. "இந்தக் கார் இதை எளிதாக இழுக்கும்" என்று விற்பவர் சொல்லும் ஒரு சொல் போதாது. காரின் ஓட்டுநர் கதவை ஒட்டியுள்ள சீட்டில், ஆட்களும் பொருள்களுமாக எவ்வளவு ஏற்றலாம் என்று எழுதியிருக்கும். டிரெயிலரின் முன்முனை அழுத்தமும் அக்கணக்கிலேயே சேரும் என்பதைப் பலர் அறியார். மயிலிறகேயானாலும் அளவு கடந்து ஏற்றினால் வண்டி தாங்காது என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை எச்சரித்தது இக்காலத்து வண்டிக்கும் பொருந்துவதே.

பூட்டும் முறை அடுத்தது. கொக்கிக் குண்டின் அளவும் டிரெயிலரின் வாயளவும் ஒன்றாக இருக்க வேண்டும். பூட்டியபின் முன்முனையைச் சிறிது உயர்த்திப் பாருங்கள். காரின் பின்புறமும் சேர்ந்து எழும்பினால் பூட்டு சரி. காப்புச் சங்கிலிகள் இரண்டையும் கூட்டல் குறிபோல் குறுக்காகப் போட வேண்டும். பூட்டு நழுவினாலும் முன்முனை தரையில் குத்தாமல் அச்சங்கிலிகள் தொட்டில்போல் ஏந்தும். டிரெயிலர் தனியே கழன்றுவிட்டால் அதன் பிரேக்கைத் தானே இயக்கும் மெல்லிய கம்பி ஒன்று உண்டு. அதனைச் சங்கிலியில் மாட்டாமல் காரின் சட்டத்திலேயே மாட்டுக. அவிழ்க்கும்போது முதலில் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, அதன் பின்னரே பூட்டைத் திறக்க வேண்டும். இவ்வரிசை மாறியதால் வண்டி உருண்டோடிய கதைகள் முகாம்தோறும் கேட்கக் கிடைக்கும்.

டயர்களைப் பற்றி ஒரு சொல். டிரெயிலர் டயர் தேய்வதற்கு முன்பே முதுமை எய்திவிடும். அதன் பக்கச் சுவரில் பொறித்துள்ள எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஐந்து ஆறு ஆண்டுகள் கடந்ததும், பார்வைக்குப் புதிதேபோல் தோன்றினாலும், மாற்றிவிடுதல் நன்று. காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும் காலையிலேயே அளக்க வேண்டும். இவ்வகை டயர்களுள் பலவற்றின் வேக எல்லை 65 மைல்தான். கலிபோர்னியாவில் டிரெயிலர் இழுப்பார்க்குச் சட்டமே 55 மைல் என எல்லை வகுத்துள்ளது. சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் முதல் 50 மைலுக்குள் அதன் நட்டுகளை மீண்டும் ஒருமுறை முறுக்குக.

மாட்டு வண்டியின் அச்சுக்கு மசகு இடுவதுபோல் டிரெயிலரின் சக்கரப் பேரிங்குகளுக்கும் ஆண்டுக்கொருமுறை கிரீஸ் இட வேண்டும். வழியில் நிறுத்தும்போதெல்லாம் ஒவ்வொரு சக்கரத்தின் குடத்தருகே கையைக் கொண்டுசெல்லுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகச் சூடாக இருந்தால் அதன் பேரிங்கோ பிரேக்கோ பழுது என அறிக. பட்டறையில் நாங்கள் கற்ற இப்பழக்கம் அங்கேயும் உதவிற்று.

பின்னோக்கிச் செலுத்துதல் புதியவர்க்குக் கலக்கம் தருவது. ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் கையை வையுங்கள். டிரெயிலரின் பின்புறம் எத்திசையில் செல்ல வேண்டுமோ அத்திசையில் கையை நகர்த்துங்கள். மெல்லச் செல்லுங்கள், ஐயம் தோன்றினால் நிறுத்தி இறங்கிப் பாருங்கள். பின்னே நின்று வழிகாட்டுபவர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியுமாறு நிற்க வேண்டும். முனைகளில் திரும்பும்போது டிரெயிலரின் சக்கரம் உட்புறமாகக் குறுக்கே செல்லும். ஆதலின் அகலமாக வளைந்து திரும்புதல் வேண்டும்.

ஓடும்போது டிரெயிலருக்குள் எவரும் இருத்தலாகாது. "சாலை நெடுகக் காரில் உட்காருவானேன்? உள்ளே படுக்கை இருக்கிறதே" என்று நாங்களும் கேட்டோம். பல மாநிலங்களில் சட்டம் அதனைத் தடுக்கிறது. தடுக்காத இடத்திலும் முதியோரையும் குழந்தைகளையும் உள்ளே படுக்கவைத்துப் போவது கூடாது. லாரமி இறக்கத்தில் உள்ளே இருந்த பாத்திரங்கள் கிடந்த கோலத்தைக் கண்டபின் அக்கேள்வியை நாங்கள் மீண்டும் கேட்கவில்லை.

இனித் தாய்மார்களுக்கு. அடுப்புக்குரிய புரொப்பேன் வாயு, நம் வீட்டுச் சிலிண்டர் வாயுவைப்போலவே, காற்றினும் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அதனாலேயே அதனை உணர்ந்து ஒலிக்கும் கருவியைத் தரையை ஒட்டிப் பொருத்துகிறார்கள். அக்கருவிக்கு ஆயுள் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளே. இணைப்புகளில் சோப்பு நீரைப் பூசிக் குமிழி எழுகிறதா என்று பார்க்கும் முறை அங்கேயும் அதுவே. சமைக்கும்போது சன்னலைச் சிறிது திறந்து, மேலுள்ள விசிறியை ஓட விடுங்கள். குளிருக்காக அடுப்பை ஏற்றிவைத்து உறங்குவது உயிருக்கே கேடு. மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே கொன்றுவிடும்.

மின்சாரத்துக்கும் அளவுண்டு. எங்கள் டிரெயிலரைப் போன்றவற்றில் 30 ஆம்பியர், 120 வோல்ட், அஃதாவது 3,600 வாட் வரை எடுக்கலாம். குளிர்சாதனமும் மைக்ரோவேவும் ஓடும்போது மின்கெண்டியையும் போட்டால் இணைப்பு அறுந்துவிடும். சமையற்கழிவு நீருக்கு ஒரு தொட்டியும் கழிப்பறைக்கு வேறொரு தொட்டியும் உண்டு. கறிவேப்பிலை, எண்ணெய், சோற்றுப் பருக்கை ஆகியவற்றைத் தொட்டியில் விடாமல் துடைத்துக் குப்பையில் இடுங்கள். கழிப்பறைத் தொட்டியின் வாயை எப்போதும் மூடியே வைத்திருந்து, உரிய இடத்தில் மட்டுமே திறக்க வேண்டும். அதனை முதலில் காலி செய்து, சமையல் நீரைப் பின்னர் விட்டால், குழாய் தானே அலசப்படும்.

பயணம் முடிந்தபின் வண்டியை அழிப்பது தண்ணீரே. கூரையின் இணைப்புகளில் பூசிய பசை வெடித்தால் மழைநீர் ஓசையின்றி இறங்கி மரச்சட்டத்தை உளுக்கச் செய்யும். ஆண்டுக்கு இருமுறையேனும் கூரையை ஆராய்ந்து, வெடித்த இடத்தில் உரிய பசையைப் பூசுக. நம் ஊரில் ஓடு மாற்றுவது மழைக்கு முன்பே அன்றோ! குளிர்காலத்தில் குழாய்களில் நிற்கும் நீர் உறைந்து அவற்றை வெடிக்கச் செய்யும். ஆதலின் நீரை வடித்துவிட்டு, இதற்கெனவே விற்கும் இளஞ்சிவப்பு நிறத் திரவத்தை ஊற்றி வைப்பர். கார் எஞ்சினுக்குரிய திரவம் நஞ்சாதலின் குடிநீர்க் குழாயில் அதனை ஊற்றுதல் ஆகாது.

அன்பர்களே! ஓல்டு ஃபெய்த்புல் என்னும் வெந்நீர் ஊற்று பீறிட்டெழுந்ததைக் குடும்பமாக நின்று கண்டோம். பேரன் கைதட்டினான். எங்கள் கண்ணில் நீர் நிறைந்ததை அந்த ஊற்றின் அழகால் என்று அவன் எண்ணியிருக்கலாம். அன்றிரவு மருமகனாரிடம், "அலமாரியை நிரப்பியவர்கள் நாங்கள், பிழை எங்களுடையது" என்றோம். அவரோ, "எடை போடாமல் புறப்பட்டவன் நான், மாமா" என்றார். பிழையை ஒருவர்மேல் ஒருவர் சுமத்தாமல் அவரவர் தம்மேல் ஏற்றுக்கொண்ட அக்குடும்பத்தில் எங்கள் மகள் வாழ்கிறாள் என்பது அப்பயணத்தில் நாங்கள் அடைந்த பெரும்பேறு.

வீட்டில் தமிழ் பேசக் கூச்சப்படும் எங்கள் பேரன் அப்பயணத்தில் தமிழ்த் தொடர் ஒன்றைக் கற்றுக்கொண்டான். இப்போதும் டிரெயிலரில் பொருள் ஏற்றும்போதெல்லாம் வாயிலில் நின்று, "முன்னே தள்ளி வையுங்க, பின்பாரமா இருக்குது" என்று வண்டிக்காரரைப்போல் கூவுகிறானாம். சென்ற வாரம் தொலைபேசியில் எங்கள் மகள் சொன்னாள்.